ஞாயித்துக்கிழமை யார் யார் வர்றீங்க?

குழு: ஆலமரம் குடும்பம் (கொரோனா காலம்)

பெரியம்மா: ஞாயித்துக்கிழமை பாட்டிக்கு எண்பது முடியுது. யார் யார் வர்றீங்கன்னு இன்னைக்கே சொல்லிடுங்க. நாற்காலிக்குச் சொல்லணும்.

சித்தப்பா: நாங்க மூணு பேரும். கார்த்தி சனிக்கிழமை ஹாஸ்டல்ல இருந்து வந்துடுவான்.

அத்தை: நானும் காவ்யாவும். அவர் வரல.

பெரியம்மா: ஏன் சித்ரா?

அத்தை: அண்ணி, அது இங்க வேணாம்.

நிவேதா: காவ்யா, அருண், கார்த்தி, நான் அனுப்பின படிவத்த நிரப்பிட்டீங்களா? வெள்ளிக்கிழமை கொடுக்கணும்.

அருண்: முடிச்சுட்டேன்

காவ்யா: பாதி

கார்த்தி: அதுல பேர் வருமாக்கா

நிவேதா: வராது. ஏன்டா?

கார்த்தி: சும்மா

சித்தப்பா: என்ன படிவம்மா?

நிவேதா: எங்க கோர்ஸ் ப்ராஜெக்ட் சித்தப்பா. கொரோனா விதிகள் பத்தி மாணவர்களுக்கு என்ன தெரியும், அதப் பத்தி என்ன நினைக்கிறாங்க, நெஜத்துல என்ன செய்றாங்கன்னு மூணு பகுதி. முதல் பகுதில எல்லாரும் வெளுத்து வாங்குறாங்க. சோப்பு போட்டு 20 விநாடி, மாஸ்க் மூக்கையும் மூடணும், ஜன்னல் திறந்திருக்கணும், அறிகுறி இல்லாதவங்ககிட்ட இருந்தும் பரவும், எல்லாம் தெரியுது. கடைசிப் பகுதில "காய்ச்சல் வந்தா முதல்ல யார்கிட்ட சொல்வீங்க"ன்னு ஒரு கேள்வி. அத மட்டும் நெறைய பேர் காலியா விட்டுட்டாங்க. எனக்கு அதுதான் உறுத்துது.

சித்தப்பா: முன்னனுப்பப்பட்டது: காலையில் எழுந்ததும் 10 விநாடி மூச்சை அடக்குங்கள். இருமல் வரவில்லை என்றால் உங்களுக்குத் தொற்று இல்லை. அனைவருக்கும் பகிரவும்.

அருண்: அப்பவே ஆரம்பிச்சுட்டாரு

நிவேதா: சித்தப்பா, இது தப்புன்னு உலக சுகாதார நிறுவனமே தனியா போட்டிருக்கு. தொற்று இருக்குற சின்னப் பசங்க தாராளமா மூச்சடக்குவாங்க. டெஸ்ட் எடுத்தாத்தான் உறுதி. தயவுசெஞ்சு வேற யாருக்கும் அனுப்பாதீங்க.

சித்தப்பா: ஆபீஸ்ல வந்தது. சரி, அனுப்பல.

பெரியம்மா: நாற்காலி

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

காவ்யா: கார்த்தி, நான் படிச்சுட்டேன்

அத்தை: என்ன போட்டான்?

காவ்யா: அவனே சொல்லட்டும்மா

கார்த்தி: ரூம்ல ஒருத்தனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். அவ்ளோதான்.

சித்தப்பா: என்னது???

சித்தப்பா: ரெண்டு நாளாவா? வார்டன்கிட்ட சொன்னீங்களா?

கார்த்தி: இல்லப்பா. சொன்னா 14 நாள் தனியா போட்டுடுவாங்க. அடுத்த வாரம் செமஸ்டர். திரும்ப எழுத விடுவாங்களான்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. அவன் பாராசிட்டமால் போட்டுக்கிட்டு கிளாஸுக்கு வர்றான். வாசல்ல காய்ச்சல் பாக்க அந்த துப்பாக்கி மாதிரி இருக்குமே, அத மணிக்கட்டுலதான் காட்டுறாங்க. கைய ஈரம் பண்ணிட்டுப் போனா 34னு வருது. உள்ள விட்டுடுறாங்க.

அருண்: எங்க காலேஜ்லயும் இதே கதைதான்

பெரியம்மா: அருண்!! நீ என்கிட்ட சொல்லவே இல்லையே

சித்தப்பா: படிச்ச பசங்க பண்ற வேலையா இது? நான் இப்பவே வார்டனுக்கு போன் போடுறேன்.

கார்த்தி: அப்பா வேணாம் ப்ளீஸ். இதுக்குத்தான் அழிச்சேன்.

நிவேதா: சித்தப்பா, திட்டாதீங்க. அவன் இங்க சொன்னதே பெரிய விஷயம். நான் காலியா வந்த பதில்னு சொன்னேன்ல, அதுக்குக் காரணம் இதுதான். அந்தப் பையனுக்கு விதி தெரியாம இல்ல. மாத்திரை போட்டா சூடு இறங்கும், வாசல்ல மாட்ட மாட்டோம்ங்கிற வரைக்கும் தெரிஞ்சுருக்கு. உண்மையச் சொன்னா ஒரு செமஸ்டர் போகும், சொல்லலன்னா ஒண்ணும் ஆகாதுன்னு இருந்தா, இருபது வயசுல யாரா இருந்தாலும் வாய மூடிக்கிட்டுத்தான் இருப்பாங்க. "மாணவர்களுக்குப் பொறுப்பில்ல"ன்னு போஸ்டர் ஒட்டுறதுக்குப் பதிலா, "காய்ச்சல்னு சொன்னா மறுதேர்வு உண்டு"ன்னு ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தா அவன் அன்னைக்கே சொல்லியிருப்பான்.

காவ்யா: எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு சொல்லிட்டா. திரும்பி வந்தப்புறம் யாரும் அவ பெஞ்சுல உக்காரல. ஒரு மாசம் தனியாத்தான் இருந்தா.

அத்தை: அட பாவமே. நீ உக்காந்தியா?

காவ்யா: நாங்க ரெண்டு பேர் உக்காந்தோம்மா. அப்புறந்தான் மத்தவங்க.

நிவேதா: கார்த்தி, உனக்கு இப்ப எப்படி இருக்கு?

கார்த்தி: நல்லாத்தான் இருக்கேன்க்கா. சனிக்கிழமை பஸ்ல வரலாம்ல?

நிவேதா: வராதடா. தொத்தினதுல இருந்து அறிகுறி தெரிய சராசரியா 5, 6 நாள் ஆகும். சிலருக்கு 14 நாள் வரைக்கும் போகும். அறிகுறி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நீ அடுத்தவங்களுக்குப் பரப்ப முடியும். நாளைக்கே டெஸ்ட் எடுத்து இல்லன்னு வந்தாலும் அத நம்பி பாட்டி பக்கத்துல உக்கார முடியாது, ரொம்ப சீக்கிரம் எடுத்தா காட்டாது. இப்ப முதல்ல ஜன்னல திற, ரெண்டு பேரும் ரூமுக்குள்ளயும் மாஸ்க் போடுங்க, கட்டில தள்ளிப் போடு. முடிஞ்சா வேற ரூம் கேளு. அவனுக்கு மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதான்னு பாத்துக்கிட்டே இரு. அப்படி ஏதாவது இருந்தா பரீட்சையெல்லாம் யோசிக்காம உடனே ஆஸ்பத்திரி.

கார்த்தி: ஜன்னல் கொக்கி துருப்பிடிச்சுருக்கு. ஸ்கேல் வெச்சு முட்டுக் கொடுத்துட்டேன்.

பெரியம்மா: அப்போ விழாவத் தள்ளி வெச்சுடலாமா?

சித்தப்பா: தள்ளியெல்லாம் வேணாம் அண்ணி. எண்பது ஒரு தடவதான் வரும்.

அத்தை: ரேவதி கல்யாணத்துக்கு மட்டும் எங்களக் கேக்காமத் தள்ளி வெச்சீங்க

பெரியம்மா: சித்ரா, அது மண்டபம் கிடைக்காம

அத்தை: சரி விடுங்க அண்ணி

அருண்: தாத்தாவோட ஆல்பம் யார்கிட்ட இருக்கு? பாட்டி தினம் கேக்குறாங்க

அத்தை: அத பெரியண்ணந்தான் எடுத்துட்டுப் போனாரு

பெரியம்மா: இங்க இல்லவே இல்ல. உங்க வீட்டு பீரோல பாரு.

சித்தப்பா: ஆல்பத்த அப்புறம் பேசுங்க. நிவேதா, அந்தப் பையனோட வீட்டுக்காவது சொல்ல வேண்டாமாம்மா?

நிவேதா: சொல்லணும் சித்தப்பா. ஆனா அவன் வாயால சொன்னாத்தான் நல்லது. கார்த்தி, இன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட உக்காந்து பேசு. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வார்டனப் பாருங்க. மறுதேர்வு கேட்டு கடிதம் நான் எழுதித் தர்றேன். அவன் ஒருத்தன் பேர்ல வேணாம், ஹாஸ்டல் மாணவர்கள் எல்லார் சார்பாவும் கொடுங்க.

கார்த்தி: அவன் ஒத்துக்குவானான்னு தெரியலக்கா. பேசிப் பாக்குறேன்.

சித்தப்பா: காலைல பத்து மணி வரைக்கும் பொறுப்பேன். அதுக்கப்புறம் நான் போன் பண்ணுவேன்.

கார்த்தி: பதினொண்ணு

சித்தப்பா: சரி

நிவேதா: பெரியம்மா, ஞாயித்துக்கிழமை செய்றதா இருந்தா மொட்டை மாடில வைங்க. அறைக்குள்ள கூட்டம் சேர வேணாம், ஆளும் கம்மியா இருக்கட்டும். பாட்டிக்குத் துணி மாஸ்க் போதாது, மருத்துவ மாஸ்க் நான் கொண்டு வர்றேன். தள்ளி உக்கார முடியாத இடத்துல 60 வயசுக்கு மேல அதுதான் போடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாசமே சொல்லிடுச்சு.

பெரியம்மா: பாட்டிக்கு முட்டி வலி. மாடி ஏற மாட்டாங்க.

அருண்: அப்ப முன் வாசல்ல

பெரியம்மா: அப்பாவக் கேட்டுச் சொல்றேன். பாட்டி பக்கத்துல உக்காந்து நான் படிக்கிறதக் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. கார்த்திய வீடியோல காட்டச் சொல்றாங்க, இப்பவே.

கார்த்தி: வர்றேன் பெரியம்மா, ரெண்டு நிமிஷம்

அத்தை: நாங்க வர்றதப் பத்தி நாளைக்குச் சொல்றேன் அண்ணி

பெரியம்மா: அப்ப நாற்காலி?