காதல் பாட்டின் மெட்டில் திருப்பலி இசை: டாவர்னர் செய்தது சரியா?

சுரவரிசை:
பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து இசையமைப்பாளர் ஜான் டாவர்னர், கத்தோலிக்க வழிபாடான திருப்பலியில் பாட எழுதிய ‘வெஸ்டர்ன் விண்ட்’ (மேலைக் காற்று) இசையை எல்லோரும் கொண்டாடுகிறோம். எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. அதன் அடிமெட்டு ஒரு காதல் பாட்டு. மேலைக் காற்றே எப்போது வீசுவாய், காதலி என் கைகளுக்குள் இருக்க நான் என் படுக்கையில் கிடக்க மாட்டேனா என்று ஏங்கும் பாட்டு. அன்றைய ஐரோப்பாவில் இப்படி ஆலயத்துக்கு வெளியே உள்ள ஒரு மெட்டை எடுத்தால், டெனரில், அதாவது நடுவில் வரும் ஆண்குரலில், சுரங்களை நீட்டிப் போட்டு மற்ற குரல்களுக்குள் புதைப்பது பழைய வழக்கம். டாவர்னரோ பல இடங்களில் மேல்குரலிலேயே பளிச்சென்று வைக்கிறார். 1562இல் திரெந்து பொதுச்சங்கம் (கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய பேரவை) காமச்சாயல் உள்ள இசையை ஆலயத்திலிருந்து விலக்கச் சொன்னது நியாயம்தான்.

பாஸ்குரல்:
டாவர்னர் 1545இலேயே இறந்துவிட்டார். 17 வருஷம் கழித்து வந்த ஆணையை வைத்து அவரைக் குறை சொல்ல முடியாது. ஆணைக்குப் பிறகும், 1570இல், இத்தாலிய ஆலய இசையமைப்பாளர் பாலஸ்திரினா ‘லோம் ஆர்மே’ என்ற பிரெஞ்சுப் பாட்டின் மெட்டில் திருப்பலி இசை அச்சிட்டார். காதல் வரிகளை இங்கே யாரும் பாடுவதில்லை, பாடுவது லத்தீன் மன்றாட்டை மட்டும். வேலைப்பாட்டைக் கேளுங்கள்: குளோரியா, கிரெடோ, சாங்க்துஸ், அக்னுஸ் என்று திருப்பலி மன்றாட்டுகளின் நான்கு பகுதி, பகுதிக்கு ஒன்பது முறை, மொத்தம் 36 முறை அதே மெட்டு. ஆனால் கூட வரும் குரல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எனக்கு ஒரு இடத்தில்கூட அலுக்கவில்லை.

சுரவரிசை:
அதே பாலஸ்திரினா 1582இல் அதே மெட்டில் இன்னொன்று வெளியிட்டபோது வெறும் ‘நான்காம் திருப்பலி’ என்று பெயர் வைத்தார். கூச்சம் இல்லையென்றால் பாட்டின் பெயரை ஏன் விடவேண்டும்? அப்புறம், ‘லோம் ஆர்மே’ ஆயுதம் தரித்தவனைப் பற்றிய பாட்டு. அதுவும் படுக்கை ஏக்கமும் ஒன்றா?

ஆல்ட்டோக்காரி:
ஒன்றை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். டாவர்னர் மெட்டை மேல்குரலுக்கும் டெனருக்கும் அடிக்குரலான பாஸுக்கும் தருகிறார், மேல்குரலுக்கு அடுத்துக் கீழே வரும் ஆல்ட்டோவுக்கு ஒரு தடவைகூடத் தரவில்லை. பாடும்போது நாங்கள் மெட்டைச் சுற்றியே ஓடிக்கொண்டிருப்போம். இதே பாட்டை எடுத்த இன்னொரு இங்கிலாந்து இசையமைப்பாளர் கிறிஸ்டோபர் டை நேர்மாறு, முழுக்க ஆல்ட்டோவிலேயே வைத்தார். அந்நாட்டு இசையமைப்பாளர் ஜான் ஷெப்பர்டும் இதில் ஒரு திருப்பலி எழுதியிருக்கிறார். ஆலயத்துக்கு எழுதிய மூன்று பேர் தொட்ட மெட்டு இது.

சுரவரிசை:
டை செய்தது எனக்குச் சம்மதம். உள்ளே இருந்து தாங்கட்டும். வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

பாஸ்குரல்:
எனக்கு அதுதான் பிடிக்கிறது. பாட்டில் ஏங்குபவன் நடுவில் ‘கிறிஸ்துவே’ என்றுதான் கூப்பிடுகிறான். அக்னுஸில் ‘எங்களுக்கு அமைதி அருளும்’ என்ற வேண்டுதலும் அந்த மெட்டோடுதான் வருகிறது. அங்கே எனக்குப் படுக்கை நினைவுக்கு வருவதில்லை, பிரிந்து கிடப்பவனின் ஏக்கம்தான் கேட்கிறது.

சுரவரிசை:
எனக்கு இரண்டுமே கேட்கிறது. கச்சேரி மேடையில் மனம் நிறைந்து கேட்பேன். பலிபீடத்தின் முன்னால் வேண்டாம்.

ஆல்ட்டோக்காரி:
கச்சேரியில் நான்கு பகுதியும் அடுத்தடுத்து வந்துவிடும், அதனால் மெட்டு ஓயாமல் காதில் அடிக்கும். வழிபாட்டில் நடுநடுவே வாசகமும் செபமும் வரும். டாவர்னர் எழுதியது அந்த இடைவெளிகளோடு கேட்பதற்கு. அப்படி ஒரு தடவை கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.