பழைய ஃபைபர் படகின் பின்பலகை: எப்பாக்ஸியா, பாலியஸ்டரா?

உப்புக்காற்று: சுனாமிக்குப் பிறகு 2005-ல் கட்டிக் கொடுத்த ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுத்தியலால் தட்டினால் நடுவில் செத்த சத்தம். சின்னத் துளை போட்டுப் பார்த்தேன், கறுத்த ஈரத்தூள் வந்தது. அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைகளும் அப்படித்தான். படகு யார்டில் பாலியஸ்டர் ரெசின் (ஃபைபர் நாரை நனைத்து இறுக வைக்கும் திரவம்) போதும் என்கிறார்கள். யூடியூபில் எல்லாரும் எப்பாக்ஸி ரெசின். எதைப் போட?

கண்ணாடிநார்: எப்பாக்ஸிதான், யோசிக்கவே வேண்டாம். பாலியஸ்டர் ஆறும்போது சுருங்கும், மரத்தில் நன்றாகப் பிடிக்காது. நன்றாக இறுகிய பழைய ஃபைபர்மேல் புதிதாகப் போடுவது வெறும் ஒட்டுதான், பழையதோடு கலந்து ஒன்றாகாது. அந்த ஒட்டில் எப்பாக்ஸியின் பிடிப்பு அதிகம். எஞ்சின் உதைப்பு மொத்தமும் விழுகிற இடத்தில் போய்க் காசு பார்ப்பதா?

யார்டுக்காரன்: தம்பி, அந்தப் படகே பாலியஸ்டரில் கட்டியதுதான். அழுகியது ரெசின் இல்லை, மரம். போல்ட் ஓட்டையை அடைக்காமல் விட்டார்கள், தண்ணீர் இறங்கிவிட்டது. எப்பாக்ஸியில் கட்டி அதே ஓட்டையைத் திறந்து வைத்தாலும் இதே கதிதான். இன்னொன்று, எப்பாக்ஸியில் என்ன துணி போடப் போகிறீர்கள்? கடையில் கிடைக்கிற மேட்டில், அதாவது நறுக்கிய கண்ணாடி நார் விரிப்பில், நாரைப் பிடித்து வைக்கும் பசை பாலியஸ்டரில் இருக்கிற ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எப்பாக்ஸியில் ஸ்டைரீனே கிடையாது. மேட் விறைத்துக்கொண்டு நிற்கும், மூலையில் படியாது.

கண்ணாடிநார்: அதற்குத்தான் பசையில்லாமல் தைத்த பயாக்ஸியல் (இரண்டு திசையில் நார் ஓடும்) துணி இருக்கிறதே அண்ணே. ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும்.

யார்டுக்காரன்: வரும், சரி. நாளைக்குப் படகு பாறையில் உரசி வந்தால் ஒட்டுப் போடுகிறவன் கையில் பாலியஸ்டர்தான் இருக்கும். எப்பாக்ஸிமேல் அது சரியாகப் பிடிக்காது, சில நேரம் பிசுபிசுவென்று ஆறாமலே கிடக்கும். பாலியஸ்டர் படகின்மேல் எப்பாக்ஸி போடலாம், அதற்கப்புறம் திரும்பி வர முடியாது. சாதாரண பாலியஸ்டர் வேண்டாம், தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும் பாலியஸ்டர் வகையான ஐசோ ரெசின் வாங்குங்கள்.

உப்புக்காற்று: மரத்தைக் கழற்றாமல் துளை போட்டு உள்ளே ரெசின் ஊற்றினால்?

கண்ணாடிநார்: ஈரமான மரத்துக்குள் ரெசின் இறங்காது. காசுதான் போகும்.

யார்டுக்காரன்: இதில் மட்டும் தம்பி சொல்வது சரி. உள்பக்கம் அறுத்து, மரத்தை முழுசாக எடுங்கள்.

கெமிக்கல்சார்: இரண்டு பேரும் ரெசின் சண்டையிலேயே நிற்கிறீர்கள். கட்டையை அறுப்பதற்கு முன் படகின் அடியில் நாலைந்து இடத்தில் முட்டு கொடுத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. முட்டில்லாமல் அறுத்தால் அடித்தளம் தொய்யும். தொய்ந்தபடியே புதுக் கட்டை வைத்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். அப்புறம், பழைய ஃபைபரைப் பளபளப்பு போகும்வரை கிரைண்டரில் தேய்க்க வேண்டும். வெட்டிய ஓரத்தைச் சரிவாக்குங்கள், 5 மி.மீ. தடிமனுக்கு 60 மி.மீ. அகலம். இதைச் செய்யாவிட்டால் எந்த ரெசினும் உரிந்து வரும். பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கான வேறு ரகம், 'வாட்டர் ப்ரூஃப்' என்று அதைத் தலையில் கட்டுவார்கள். பாலியஸ்டர் என்றால் கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்துவது) ஹார்ட்னரையும் (இறுக வைப்பது) நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு அப்புறம் ஹார்ட்னர்.

கண்ணாடிநார்: எப்பாக்ஸியில் இந்த வெடி வம்பே இல்லை.

யார்டுக்காரன்: ஐப்பசி மழையில் போட்டுப் பார், மேலே மெழுகு மாதிரி படியும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டுக் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கு போட முடியாது.

உப்புக்காற்று: யார்டில் வேலை செய்யப்போகிறவர் கைக்குப் பழகியது பாலியஸ்டர். ஐசோ ரெசினே வாங்குகிறேன். பிளையை ஃபைபரோடு ஒட்டுவதற்கு மட்டும் எப்பாக்ஸி போடலாமா?

யார்டுக்காரன்: பிதுங்கி வழிகிற எப்பாக்ஸிமேல் ஐசோ எப்படிப் பிடிக்கும்? அங்கே ரெசினில் நனைத்த மேட்டை நடுவில் வைத்து இறுக்குங்கள்.

கண்ணாடிநார்: வழிந்ததைத் தேய்த்து எடுத்துவிட்டால் பிடிக்கும் அண்ணே. நான் போடத்தான் சொல்வேன்.