டச்சுக் குடியானவர் ஓவியங்கள்: எட்டாம் வகுப்புக்கு எதை வைக்கலாம்?

வண்ணக்கலவை (ஏற்காடு):
பள்ளிச் சுவரில் ‘டச்சு கிராமத்து வீடும் குழந்தைகளும்’னு ஏ3 அளவில் நாலு படம் வைக்கணும். புரூகலின் ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’, யான் ஸ்டேனின் ‘புனித நிக்கோலஸ் விழா’, வான்கோவின் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ எடுத்தாச்சு. நாலாவது எது? சேலத்தில் ஃப்ளெக்ஸ் அடிச்சா போதுமா?

தூரிகை:
மேடம், ஸ்டேன் இந்தத் தலைப்புக்கு ஒட்டாது. சேட்டைக்காரப் பையனுக்கு ஷூவில் பரிசுக்குப் பதில் அடிக்கிற குச்சிக்கட்டு, தங்கைக்குப் பொம்மைன்னு படம் அருமைதான். ஆனா அது வசதியான டவுன் வீடு. அந்த இடத்தில் டச்சு ஊரான ஹார்லெமின் ஓவியர் ஆட்ரியான் வான் ஓஸ்டாடேயை (1610–1685) வைங்க. சமையல், சாப்பாடு, கைக்குழந்தை எல்லாம் ஒரே அறையில் நடக்கிற குடிசைகளை நிறைய வரைஞ்சிருக்கார். சாப்பாட்டுக்கு முன்னாடி குடும்பம் ஜெபிக்கிற 1653-ம் வருஷ எட்ச்சிங்கும் (அமிலத்தால் செதுக்கின செப்புத் தகட்டில் எடுத்த அச்சுப்படம்), அவரோட ஒரு குடிசை ஓவியமும் வச்சா நாலு ஆச்சு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தளத்தில் அவர் படங்கள் இலவசமாவே பெரிய ஃபைலா கிடைக்கும்.

புரூகலுக்கு ‘டச்சு’ லேபிள் வேண்டாம். அவர் இதை வரைஞ்ச 1560-ல் நெதர்லாந்து, பெல்ஜியம்னு பிரியவே இல்லை. அவர் இருந்தது இப்போ பெல்ஜியத்தில் இருக்கிற ஆண்ட்வெர்ப்பில். காட்சியும் கிராமமில்லை, ஊர்ச் சதுக்கம். ஆனாலும் விடாதீங்க. இடது கீழ் மூலையில் எலும்புத் துண்டால் அஞ்சாங்கல் ஆடுறாங்க. பச்சைக்குதிரை, கண்ணாமூச்சி, மரக்கால், வளையம் உருட்டல், பன்றிச் சிறுநீர்ப்பையை ஊதுறது எல்லாம் இருக்கு. பெயரை எழுதி ஒட்டாதீங்க, பசங்களே தேடட்டும்.

அச்சுமை (செவ்வாய்ப்பேட்டை):
ஃப்ளெக்ஸ் தூரத்துக்குத்தான். கிட்டப் பார்த்தா புள்ளி தெரியும், ட்யூப்லைட் வேற பளபளக்கும். மேட் பேப்பர், பிக்மென்ட் மை (கரையாத நிறத்தூள் மை) கேளுங்க. சாதா டை மை (கரையுற சாய மை) உங்க ஊர் பனிமூட்டத்தில் பரவிடும். நாலு மூலையில் மட்டும் டேப் போட்டா ஈரம் குடிச்சு பேப்பர் சுருளும், 5 மி.மீ. சன்போர்டில் (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) முழுசா ஒட்டி, மேலே மேட் லேமினேஷன். வான்கோ படம் ஏற்கெனவே இருட்டு, அப்படியே அடிச்சா முகமெல்லாம் கறுத்துடும். நடுத்தர டோனை (ரொம்ப இருட்டும் வெளிச்சமும் இல்லாத பகுதிகளை) மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி, முதலில் ஏ4-ல் ஒரு சாம்பிள் பாருங்க.

வண்ணக்கலவை:
நன்றி சார். புரூகல் ஒரே ஏ3-ல் அடங்குமா?

தூரிகை:
அடங்கும், ஆனா பிரயோஜனமில்லை. மூலம் 118 × 161 செ.மீ.; ஏ3-ல் நாலில் ஒரு பங்காச் சுருங்கி, பின்னால் இருக்கிற பிள்ளைகள் எறும்பாயிடுவாங்க. முழுப் படத்தை ஏ4-ல் வச்சு, மூணு பகுதியை மட்டும் நிஜ அளவில் ஏ3-ல் எடுங்க. அதுக்கு ஃபைல் 9,500 பிக்சல் அகலமாவது இருக்கணும். 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) கிடைக்கும், சுவருக்குப் போதும். எட்ச்சிங்கைப் பெருசாக்காதீங்க, மூலமே கையகலம்தான். அதே அளவில் அடிச்சு, பக்கத்தில் ஒரு லென்ஸைக் கட்டித் தொங்கவிடுங்க.