பன்றிக்குட்டித் தீவனம்: 'பூச்சித்தூள்' வேண்டாம், 'ஈப்புழுத்தூள்' ஆகட்டும்

குழுவினருக்கு வணக்கம். பன்றிக்குட்டித் தீவனத்தில் சேர்க்க, ஈயின் புழுவை உலர்த்தி அரைத்த தூளுக்கு (ஆங்கிலத்தில் insect meal) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது பற்றிக் குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> மீன்தூள், எலும்புத்தூள் வரிசையில் 'பூச்சித்தூள்' நன்றாகவே உட்காருகிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே?

வரிசைக்குப் பொருந்துகிறது ஐயா. சாக்கில் அச்சிடும்போதுதான் சிக்கல். நான் தமிழாக்கும் கையேடு பெங்களூரில் அச்சாகி, ஓசூர்ப் பக்கத்து வெண்பன்றிப் பண்ணைகளுக்குப் போவது. அங்கே பூச்சித்தூள் என்றால் செடிக்குத் தூவும் மருந்து. "குட்டிகளுக்குப் பூச்சிக்குக் கொடுத்தாச்சா?" என்று கேட்டால் குடற்புழு மருந்து. பால் மறந்த குட்டியின் தொட்டியில் கொட்டும் பொருளை இந்த இரண்டில் எதுவாகவும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தவிர, இங்கே அரைபடுவது பறக்கும் பூச்சியே அல்ல. கறுப்புப் படைவீரன் ஈ (black soldier fly) என்ற ஈயின் புழு. உலர்ந்த புழுவில் ஏறக்குறைய 40% புரதம், 30% கொழுப்பு. தின்ற தீனியைப் பொறுத்து இது கூடும், குறையும். எண்ணெய் பிழிந்தால் புரதம் 50 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே பிழியாததற்கு 'ஈப்புழுத்தூள்', பிழிந்ததற்கு 'ஈப்புழுப் புண்ணாக்கு' என்கிறேன். புண்ணாக்கு என்றாலே எண்ணெய் போனது என்று பண்ணைக்காரருக்குத் தெரியும். 'கொழுப்பு நீக்கப்பட்ட' என்ற நீளமான அடைமொழி தேவையில்லை.

> 'பூச்சிப்புரதம்' எப்படி?

இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். புழுவின் தோலுக்கு உறுதி தரும், புரதமல்லாத கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் உண்டு. அதுவும் புரதக் கணக்கில் ஏறிவிடுகிறது. முழுப் புழுவுக்கு 4.76 ஆல் பெருக்குவதே சரி என்று ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். அரைத்த தூளைக் கையில் எடுத்தால் மாவாகாத பழுப்புத் தோல் செதில்கள் விரலில் ஒட்டும். அவை குட்டிக்கு எளிதில் செரிக்காது. அவற்றையும் சேர்த்துப் 'புரதம்' என்று பெயரிடுவது வாங்குபவரை ஏமாற்றுவது.

பெயரில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், பால் மறக்கும் பருவம் அவ்வளவு ஆபத்தானது. தாய்ப்பால் நின்றதும் குடல் தடுமாறும், கழிச்சல் வரும். சோயாவிலுள்ள கிளைசினின் போன்ற புரதங்கள் இளங்குடலுக்கு ஒவ்வாமை தருவதால்தான் விலை கூடிய மீன்தூளைச் சேர்க்கிறார்கள். அதற்கு மாற்றாகத்தான் இந்தப் புழு வருகிறது. இதன் கொழுப்பில் தேங்காயெண்ணெய் போலவே லாரிக் அமிலம் மிகுதி; சில பாக்டீரியாக்களை அது அடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பரில் பன்றி, கோழித் தீவனங்களில் இதை அனுமதித்தது. 2022 ஜூனில் கழிச்சலுக்கு மருந்தளவில் கொடுத்துவந்த துத்தநாக ஆக்சைடை நிறுத்தியது. துத்தநாகத்தின் இடத்தை ஈப்புழு அப்படியே நிரப்பிவிடும் என்று கையேட்டில் எழுதமாட்டேன்.

> 'புழு' என்று போட்டால் புழு வைத்த தீவனம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே?

நியாயமான கவலை அம்மா. அதனால்தான் 'புழுத்தூள்' என்று நிறுத்தாமல் 'ஈ' சேர்த்தேன். கெட்டுப்போன தீவனத்தில் இருப்பதை யாரும் ஈப்புழு என்று சொல்லிக் கேட்டதில்லை. விலங்கின் பெயர் முன்னால் நின்றால் 'மாவுப்புழுத் தூள்', 'பட்டுக் கூட்டுப்புழுத் தூள்' என்று மற்றவையும் தனித்தனியே நிற்கும். பொதுத்தலைப்பு தேவைப்படும் கட்டுரைகளில் மட்டும் 'பூச்சிவழித் தீவனம்' எனலாம்.

ராமநகரப் பட்டுநூற்பு ஆலைகளில் வேலை செய்யும் தமிழர் யாராவது குழுவில் இருந்தால், நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவை அங்கே என்னவென்று சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். புழக்கத்தில் சொல் இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே கையேட்டில் சேர்க்கிறேன்.