7.5% ஒதுக்கீடு: மூடிய பள்ளியின் ஆர்.டி.இ. சான்றிதழை யார் தருவார்?

பொறியியல் கலந்தாய்வில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5% ஒதுக்கீடு கேட்ட மாணவியின் விண்ணப்பம் சரிபார்ப்பில் திரும்பிவிட்டது. காரணம்: "6 முதல் 8 வரை தனியார் பள்ளி".

மாணவி 2014-15இல் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) வழியாக, தனியார் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்கான 25% இலவச இடத்தில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்து, 2021-22இல் எட்டு முடித்தார். 9 முதல் 12 வரை அரசுப் பள்ளி. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்.டி.இ.யில் எட்டு வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தத் தனியார் பள்ளி 2023இல் மூடப்பட்டது. பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸில் 'தனியார் சுயநிதி' என்று மட்டும் வருகிறது, ஆர்.டி.இ. குறிப்பே இல்லை. டி.சி.யிலும் (மாற்றுச் சான்றிதழ்) இல்லை. கையில் இருப்பது பழைய கட்டண அட்டை ஒன்றுதான். அதில் கல்விக் கட்டணம் என்ற கட்டத்தில் நீல மையில் 'ஆர்.டி.இ.' என்று எழுதி, பள்ளி முத்திரை வைத்திருக்கிறார்கள்.

இதுவரை செய்தது: அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் 9-12க்கு மட்டும் கையெழுத்திட்டார், மீதிக்குத் தன்னிடம் பதிவேடு இல்லை என்கிறார். அது நியாயம்தான். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது. கட்டண அட்டையை இணைத்து மறுபடி பதிவேற்றியும் ஏற்கவில்லை.

இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். அக்கா பி.எஸ்சி. முடித்தவர் என்பதால் முதல் பட்டதாரி சலுகைக்கும் வழியில்லை.

ஆர்.டி.இ. மாணவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தந்த பட்டியலில் மாணவியின் பெயர் இருந்தாக வேண்டும். மூடிய பள்ளிக்குப் பதிலாக அந்தப் பட்டியலைப் பார்த்துச் சான்றிதழ் தரும் அதிகாரம் எந்த அலுவலருக்கு?