டோரண்டில் பாடப்புத்தகம் இறக்கியதால் விடுதி வைஃபை நின்றுவிட்டது, என்ன செய்வது?

கேட்பவர்: பி.எஸ்சி. மாணவர், தர்மபுரி
வணக்கம். அறை நண்பன் கணினிப் பாடப்புத்தகம் ஒன்றை டோரண்டில் இறக்கினான். மறுநாளே அவன் வைஃபை கணக்கை முடக்கிவிட்டார்கள். பதிப்புரிமை உள்ள கோப்பைப் பகிர்ந்தான் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவன் யாருக்கும் எதையும் அனுப்பவே இல்லை. அப்புறம் எப்படிப் பகிர்ந்ததாகச் சொல்கிறார்கள்? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நோட்ஸ், புத்தகப் பக்கங்கள் எல்லாம் போடுகிறோம். அதையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: நெட்வொர்க் வேலை, ஓசூர்
தம்பி, டோரண்ட் என்பது பயனர்களின் கணினிகள் தங்களுக்குள் கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறை. அதில் கோப்பு துண்டு துண்டாக வரும். வந்த துண்டை உங்கள் கணினி அப்போதே மற்றவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்துவிடும். டோரண்ட் செயலியில் ‘அப்லோடு’ என்ற இடத்தில் எத்தனை எம்பி போயிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், விஷயம் புரிந்துவிடும். இறக்கி முடித்த பின்னும் செயலி திறந்திருந்தால் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். முதலில் அந்தக் கோப்பை நீக்குங்கள். கணினியோடு செயலி தானாகத் திறப்பதையும் நிறுத்துங்கள். பிறகு வைஃபை பார்ப்பவரிடம் நேரில் போய் நடந்ததைச் சொல்லுங்கள். டோரண்டே குற்றம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை அதன் தளத்திலேயே டோரண்டாகத் தருகிறார்கள்.

பதில்: கல்லூரி நூலகர், கிருஷ்ணகிரி
குழுவை மூட வேண்டாம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் நகலெடுப்பதற்குத் தனி விலக்கும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டபோது, 2016-ல் தில்லி உயர் நீதிமன்றம் இந்த விலக்கை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னது. பாடத்துக்குத் தேவையான பக்கங்களைத் தொகுத்து நகலெடுக்கலாம் என்பது அதன் சாரம். ஏழை மாணவர்களுக்கு இது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

ஆனால் முழுப் புத்தகத்தையும் யாரும் எடுக்கிற மாதிரி டெலிகிராம் சேனலில் போடுவது வேறு. அதற்கு அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் குறைக்கலாம், அவ்வளவுதான். நோட்ஸ் எழுதியவருக்குத்தான் அதன் உரிமை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேட்டவர்:
நன்றி மேடம். அந்தப் புத்தகம் கடையில் வாங்குகிற விலையில் இல்லை. அதற்கு என்ன வழி?

பதில்: கல்லூரி நூலகர், கிருஷ்ணகிரி
முதலில் உங்கள் நூலகத்தில் வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பலரும் சேர்ந்து கேட்டால் வாங்குவார்கள். அதே பாடம், ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகத் தரும் என்பிடெல் தளத்தில் காணொளியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகத்திலும் தேடலாம். தமிழ் இலக்கியத்துக்கு நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. பகிர்ந்துகொள்ள உரிமையாளரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்ட புத்தகமென்றால் கோப்பையே தாராளமாக அனுப்பலாம், ஆசிரியர் பெயரையும் உரிமத்தையும் நீக்கக் கூடாது. மற்றவற்றுக்குக் குழுவில் இணைப்பை மட்டும் போடுங்கள்.