நீங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றிருக்கிறதா?

முதல் பதிவு

வாரக் கூட்டம் முடிந்து கிளம்பிவிட்டேன். மூக்குக் கண்ணாடியை அங்கேயே மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் திரும்பினேன். கதவைத் திறந்தால் 11 பேரும் எழுந்திருக்காமல் அப்படியே இருக்கிறார்கள். கடைசியாகச் சேர்ந்த பையன் அவசரமாகப் பலகையை அழிக்கிறான். பாதிதான் அழிந்தது. 'டெலிவரி தேதி முடியாது' என்று மேலே இருந்தது. கீழே 'சார்கிட்ட யார் சொல்வது?' என்று எழுதி மூன்று பெயர்கள். மூன்றின் மேலும் கோடு.

பத்து நிமிடம் முன்னால்தான் அதே அறையில் "ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கத்துகிற ஆளும் இல்லை. கோடு போட்ட முதல் பெயர், தொழில் தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருப்பவருடையது. அதுதான் தூங்க விடமாட்டேன் என்கிறது.

பதில் 1

நன்றாக வேலை செய்கிறேன் என்று என்னை டீம் லீடர் ஆக்கினார்கள். குழுவினர் அனுப்பும் அறிக்கையைச் சரிபார்க்கிறேன் என்று இரவில் உட்கார்ந்து முழுக்க மாற்றிவிடுவேன். ஒருநாள் அவர்களில் ஒரு பெண் இரண்டு பிரதிகளையும் அச்செடுத்து என் மேசையில் அருகருகே வைத்தார். தான் எழுதியதில் மிஞ்சியதற்கு மட்டும் மஞ்சள் ஹைலைட்டர் போட்டிருந்தார். நான்கு பக்கத்தில் இரண்டு வரி. "மேடம், இனிமேல் தலைப்பு மட்டும் எழுதி அனுப்பட்டுமா?" குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பதில் 2

முதல் பதிவு போட்டவருக்கு: எல்லாப் பழியையும் நீங்களே சுமக்காதீர்கள். பேசாமல் இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு. என் குழுவில் ஒருவர் ஒரு பிழையை இரண்டு வாரம் மூடி வைத்தார். வாடிக்கையாளர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. "பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பதுதான் சுலபமான பதில். "இந்த வாரம் எது தள்ளிப்போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். டொயோட்டா ஆலைகளில் கோளாறைப் பார்க்கும் தொழிலாளி கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், குழுத் தலைவர் அந்த இடத்துக்கே வருவார், குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். யார் சொல்வது என்று அங்கே பெயர் எழுத வேண்டியதில்லை, பார்த்தவர் இழுக்க வேண்டியதுதான். அப்புறம், ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருங்கள், வாரம் அரை மணி நேரம். அதில் நீங்கள் பேசாதீர்கள். கெட்ட செய்தி கொண்டு வந்தவரிடம் "ஏன் இப்படி ஆச்சு?" என்று ஆரம்பிக்கவே கூடாது. வேலையைக் கொடுக்கும்போது எதுவரை அவர்களே முடிவெடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில் 3

மேலே சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. கயிறு தொங்கினால் மட்டும் போதுமா? போன தடவை இழுத்தவருக்கு என்ன ஆனது என்பதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறுகளை ஒளிக்காமல் பேசினார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். இரண்டு வாரம் மறைத்தவர், அதற்கு முன்னால் யார் உண்மையைச் சொல்லி என்ன பட்டதைப் பார்த்தார்? அதையும் விசாரியுங்கள்.

நான் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தேன். முதல் வாரம் ஒரே ஒரு தாள். 'நாங்கள் பேசும்பொழுது போனைப் பார்க்கிறீர்கள்.' அன்று மாலை எல்லோரும் போன பிறகு வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, அந்த 'ழு'வின் சுழியை ஒவ்வொருவர் கையெழுத்தோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் வாசலில் கணக்காளர். சாவியை எடுக்க வந்திருக்கிறார். தாளையும் பார்த்தார், பதிவேட்டையும் பார்த்தார். "சரி சார், நாளைக்கு வருகிறேன்" என்று போய்விட்டார்.

பெட்டி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வாரா வாரம் திறந்து பார்க்கிறேன். ஒரு தாள்கூட விழவில்லை.